சூதக வலியும் தேகப்பயிற்சியும்

நம் தென்மாவட்டங்களில் ஒரு சிறுமி பருவமடைந்துவிட்டால் ஊரார் அதனைக் குறிக்கும் சொல் ஒன்று உண்டு. "இன்னார் வீட்டுப் பிள்ளை குத்தவைத்துவிட்டாள்" என்பர். குத்தவைத்தல் என்றால் கால்களை மடக்கிக் குந்தியிருத்தல். நேற்றுவரை ஓடித் திரிந்தவள் இன்று முதல் அமர்ந்துவிட்டாள் என்பதே அச்சொல்லின் நேர்ப்பொருள். விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்துச் சிற்றூர்களில் அவளை மணையில் இருத்தித் தாய்மாமன் சீர் கொண்டுவர, உறவுப் பெண்கள் அவளைச் சூழ்ந்து கும்மியடிப்பர். அத்தை, சித்தி, மதினி எல்லாரும் குனிந்தும் நிமிர்ந்தும் கைகொட்டி வலம்வர, எவளுக்காக இந்த ஆட்டமோ அவள் ஒருத்தி மட்டும் அசையாமல் தலைகவிழ்ந்து அமர்ந்திருப்பாள். நம் பங்குக் குடும்பங்களும் இவ்வழக்கத்துக்குப் பெரும்பாலும் விலக்கல்ல.

சடங்கு ஒருநாளோடு முடிந்துவிடுகிறது. அமர்வு முடிவதில்லை. ஸ்கிப்பிங் கயிறு பரணுக்குப் போகும். தெருவில் கரிக்கட்டையால் கட்டம் கிழித்து ஆடிய பாண்டி தங்கைக்குச் சொந்தமாகும். "வயசுக்கு வந்த பிள்ளை குதிக்கலாமா?" என்ற ஒரே வினா அவளுடைய கால்களைக் கட்டிப்போடும். ஏறக்குறைய அந்த நாள்களிலேயே, சில மாதங்கள் முன்பின்னாக, மாதந்தோறும் அடிவயிற்றைப் பிசையும் வலியும் அவளைத் தேடி வருகிறது. "பெண்ணாய்ப் பிறந்தால் இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்" என்று தாய் தன் தாயிடம் கேட்டதையே மகளிடம் சொல்லி முடிப்பாள். இந்த அமர்வுக்கும் அந்த வலிக்கும் உறவு உண்டா என்று எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. குடும்பத்தார் அனைவரும் வாசிக்கும் ஏட்டில் இதனைப் பேசலாமா என்று தயங்குவோர் இருக்கலாம். குடும்பத்தில் பாதிப் பேரின் துன்பத்தைக் குடும்ப ஏட்டில் பேசாமல் வேறெங்கே பேசுவது?

நாம் விருதுநகரை அடுத்த ஒரு பெண்கள் பள்ளியில் 30 ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள். வகுப்பாசிரியர் ஒருவருக்கு வருகைப் பதிவேடு சொல்லாத செய்தி கிடையாது. ஒரே மாணவி, மாதத்துக்கு இரண்டு நாள், ஏறக்குறைய ஒரே இடைவெளியில் வராதிருந்தால், மறுநாள் கொண்டுவரும் கடிதத்தில் "காய்ச்சல்" என்று எழுதியிருந்தாலும் நமக்குக் காரணம் விளங்கிவிடும். அவ்வாறு மாதந்தவறாமல் "காய்ச்சல்" கண்ட ஒரு பிள்ளையைப் பற்றி இங்குச் சொல்ல வேண்டும்.

சிவகாசிக்கு அருகே ஒரு சிற்றூரிலிருந்து பேருந்தில் வந்து படித்தவள் அவள். கணக்கில் கெட்டிக்காரி. பதினோராம் வகுப்பின் நடுவில் ஒருநாள், அடுத்த மாதம் முதல் தான் வரப்போவதில்லை என்றாள். அப்பா நிறுத்தச் சொல்லிவிட்டாராம். வீட்டில் வறுமை உண்டு. ஆனால் அவர் சொன்ன காரணம் அதுவன்று. "மாசத்துல ரெண்டு மூணு நாள் எப்படியும் சுருண்டுதான் கெடக்கா. வீட்டுல இருந்து குழாய் சுத்துனா வலிக்காத நாளுல காசாவது வரும்" என்றாராம். வெடிக்குரிய காகிதக் குழாயைத்தான் அவர் குறிப்பிட்டார். அவர் கொடுமைக்காரர் அல்லர். மகள் துடிப்பதைக் காணப் பொறாதவர். வலியை மாற்ற வழியில்லை என்று அவர் நம்பினார். ஆகவே வலிக்கு ஏற்ப மகளின் வாழ்வை மாற்றத் துணிந்தார். நமது வட்டாரத்தில் பல பெண்களின் படிப்பும் பிழைப்பும் இப்படித்தான், யாரும் தீங்கு நினையாமலே, குறுகிப்போகின்றன.

நம் வட்டாரத்துத் தொழிலின் இயல்பையும் சற்றுக் கவனிக்க வேண்டும். 1920-களில் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய நாள்முதல், மழை பொய்த்த இந்தக் கரிசல் மண்ணுக்குத் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சும் சோறு போட்டு வருகின்றன. அவற்றுள் பெண்களின் கைக்கு வந்த வேலைகளை எண்ணிப் பாருங்கள். குழாய் சுற்றுதல், சரம் பின்னுதல், பெட்டி ஒட்டுதல், அடுக்கிக் கட்டுதல் - பெரும்பாலும் எல்லாமே தரையில் காலை மடக்கி, முதுகை வளைத்து, தலையைக் கவிழ்த்துச் செய்யும் வேலைகள். கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு. எழுந்து நிற்கும் நேரமெல்லாம் காசு குறையும் நேரம். கழிப்பிடத்துக்கு எழ நேருமே என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும் பெண்களை நாம் அறிவோம். வெடிமருந்துத் தொழிலில் பதினெட்டு வயது நிறையாதோரை அமர்த்துதல் சட்டப்படி குற்றம். இளைய பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் நிலை இன்று பெரிதும் வந்துவிட்டது, அதற்காக மகிழ்கிறோம். ஆயினும் பள்ளியில் பெஞ்சில் அமர்ந்திருந்தவள் பதினெட்டுக்குப் பின் பட்டறையில் தரையில் அமர்கிறாள். அமர்வு என்னவோ தொடர்கிறது.

இனி அந்த வலி எங்கிருந்து வருகிறது என்பதைக் காண்போம். கரு உண்டாகாத மாதத்தில் கருப்பையின் உட்படலம் உதிர்கிறது. உதிரும்போது அப்படலத்தில் பிராஸ்டாகிளாண்டின் என்னும் பொருள்கள் மிகுதியாகச் சுரக்கின்றன. அவை கருப்பையின் தசையை இறுக்கிச் சுருங்கச் செய்கின்றன. தசை அளவுக்கு மீறி இறுகினால் அதனூடே செல்லும் இரத்தக் குழாய்கள் நெரிபடும், இரத்தம் குறையும், பிராணவாயு கிட்டாத தசை வலிக்கும். நெடுந்தூரம் ஓடியவனின் கெண்டைக்கால் பிடித்துக்கொள்வதை ஒப்பாகச் சொல்லலாம். அப்பொருள்கள் இரத்தத்தில் கலப்பதால்தான் சிலருக்குக் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி ஆகியனவும் சேர்ந்து வருகின்றன. மாதவிடாய் இரத்தத்தில் தசையைச் சுருக்கும் பொருள் ஒன்று இருப்பதை 1957-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் பிக்கிள்ஸ் என்னும் அறிஞர் எடுத்துரைத்தார். அது பிராஸ்டாகிளாண்டின் வகையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆஸ்பிரின் போன்ற மருந்துகள் அப்பொருள் உண்டாவதைத் தடுத்தே வலியைத் தணிக்கின்றன என்று 1971-இல் ஜான் வேன் காட்டினார். 1982-ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசைப் பெற்ற மூவருள் அவரும் ஒருவர். ஆக, "மனசுல தெம்பு இல்லாதவளுக்குத்தான் வலிக்கும்" என்று இன்றும் சில பாட்டிமார் சொல்வதற்கு ஆதாரம் இல்லை. வலி மெய்யானது.

மாத்திரையைப் பற்றியும் இரண்டு சொல். தக்க மாத்திரையை மருத்துவர் சொற்படி, உணவுக்குப் பின், சொன்ன அளவில் உட்கொள்வதில் குற்றமில்லை. பலருக்கு அது நல்ல துணை. பெயர் தெரியாத மாத்திரையே ஆபத்து. நம் தமிழ்நாட்டு ஆயத்த ஆடைத் தொழிலில் நடந்ததை மறந்துவிடலாகாது. 2019-ஆம் ஆண்டு தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் ஆடைத் தொழிலாளப் பெண்கள் ஏறக்குறைய 100 பேரிடம் பேசி ஒரு விசாரணைச் செய்தியை வெளியிட்டனர். மாதவிடாய் வலி என்று சொன்னால் வேலைநேரம் வீணாகாதபடி, உறையும் பெயரும் இல்லாத மாத்திரைகளை மேற்பார்வையாளர்களே கொடுத்ததாக அப்பெண்கள் கூறினர். ஆராய்ந்து பார்த்தபோது அவை ஐபுபுரூஃபென் போன்ற வலிநிவாரணிகள் என்று மருத்துவர்கள் தெரிவித்தனர். ஒருநாள் விழுங்கினால் ஒன்றும் நேராது போகலாம். வெறும் வயிற்றில், ஆண்டுக்கணக்கில், இன்னதென்று அறியாமல் விழுங்கினால் வயிறும் சிறுநீரகமும் என்னாகும்? நம் பக்கத்துப் பெட்டிக்கடைகளிலும் "வயிற்றுவலி மாத்திரை" என்று ஒன்றைக் கிள்ளிக் கொடுப்பதைக் கண்டிருக்கிறோம். மாதவிடாய் வலிக்குப் பெரிதும் வழங்கும் மெஃபனாமிக் அமிலம் என்ற மருந்து குறித்தே 2023-ஆம் ஆண்டின் இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் ஓர் எச்சரிக்கை விடுத்தது. மிக அரிதாகச் சிலருக்கு உடம்பெங்கும் தடிப்பும் காய்ச்சலும் உள்ளுறுப்புப் பாதிப்பும் அதனால் வரக்கூடும் என்பதே அந்த எச்சரிக்கை. அஞ்சுவதற்காக இதனைச் சொல்லவில்லை. மாத்திரையின் பெயரையாவது தெரிந்துகொள்ளுங்கள் என்பதற்காகவே சொல்கிறோம்.

தேகப்பயிற்சியினால் இவ்வலி தணியும் என்னும் எண்ணம் புதிதன்று. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1910 முதல் பெண் மாணவியருக்கு மருத்துவ ஆலோசகராக இருந்த கிளீலியா மோஷர் அம்மையார், இறுக்கிக் கட்டிய இடைக்கச்சையும் அசையா வாழ்வும் இவ்வலியைப் பெருக்குகின்றன என்று கண்டு, 1914-இல் ஓர் எளிய பயிற்சியை மருத்துவ ஏட்டில் எழுதினார். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, ஒரு கையை வயிற்றின்மேல் வைத்து, மூச்சை இழுக்கும்போது வயிற்றை மெல்ல எழும்பவிட்டு, விடும்போது உள்ளே ஒடுக்க வேண்டும். காலையும் இரவும் பத்துப் பத்துத் தடவை. அவ்வளவே. 1943-இல் பில்லிக் என்னும் மருத்துவர் சுவரையே கருவியாக்கினார். சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, தோள் உயரத்தில் முழங்கையை மடக்கி முன்கையைச் சுவரில் பதித்து, கால் முட்டி மடங்காமல் இடுப்பை மட்டும் சுவரை நோக்கி மெதுவாகத் தள்ளுதல். பின் மறுபக்கம் திரும்பி அவ்வாறே செய்தல். இடுப்புப் பகுதியின் நாண்கள் இறுகிக் கிடப்பதே வலிக்குக் காரணம் என்று அவர் கருதினார். அக்காரணம் பிற்கால ஆராய்ச்சியில் நிலைபெறவில்லை. அவர் காட்டிய அசைவை மட்டும் பெண்கள் விடவில்லை.

அடுத்து 1959-இல் பிலடெல்ஃபியாவில் கோலப் என்பவர் பள்ளி மாணவியர்க்கென வகுத்த பயிற்சியைப் படித்தபோது நமக்கு வியப்பு மேலிட்டது. கைகளை இருபுறமும் தோள் உயரத்தில் நீட்டி நின்று, இடுப்பைத் திருகிக் குனிந்து, வலக்கையால் இடப்பாதத்தின் வெளிப்புறத்தைத் தொட முயல வேண்டும். நிமிர்ந்து, இடக்கையால் வலப்பாதத்தை. பிறகு இரு கைகளையும் முன்னால் வீசி மேலே உயர்த்தும்போதே ஒரு காலைப் பின்னால் வீச வேண்டும். குனிதல், திரும்புதல், நிமிர்தல், கை வீசுதல்! நம் பாட்டிமாரின் கும்மியிலும் இவைதாமே இருக்கின்றன? கோலப் கும்மியைக் கண்டிரார். நம் பாட்டிமாரும் வலிக்கு மருந்தென்று கும்மியடிக்கவில்லை. ஆயினும் எந்த அசைவு உதவும் என்று பின்னாளில் ஒரு மருத்துவர் எண்ணினாரோ, அதனை ஊரே ஆடிக்கொண்டிருக்க, தேவைப்பட்டவளை மட்டும் நடுவில் உட்கார்த்தி வைத்தோம் என்பது எண்ணத்தக்கது.

அண்மைக் கால ஆய்வுகளுக்கு வருவோம். 2011-இல் ஈரான் நாட்டில் 18 முதல் 22 வயதுவரையுள்ள 92 மாணவியரிடையே நடந்த ஓர் ஆய்வில் புஜங்காசனம், பூனை நிலை, மச்சாசனம் ஆகிய மூன்றை மட்டும் செய்தவர்களுக்கு வலியின் கடுமையும் நேரமும் குறைந்தன. (ஆசனம் என்ற பெயரைக் கண்டு நம் குடும்பங்களில் தயங்குவோர் பாம்பைப் போலத் தலைதூக்குதல், பூனையைப் போல முதுகு வளைத்தல், மீனைப் போல மார்பு நிமிர்த்துதல் என்று சொல்லிக்கொள்ளட்டும். முதுகெலும்புக்குப் பெயர் தெரியாது.) 2019-இல் காக்ரேன் அமைப்பினர் இதுபற்றிய 12 ஆய்வுகளை, 854 பெண்களை உள்ளடக்கியவற்றை, ஒருங்கே எடை போட்டனர். வாரத்துக்கு மூன்று நாளோ அதற்கு மேலோ, ஒவ்வொரு தடவையும் 45 முதல் 60 நிமிடம்வரை பயிற்சி செய்தோர்க்கு, 100 அளவுள்ள வலிக்கோலில் ஏறக்குறைய 25 அளவு வலி குறையக்கூடும் என்பது அவர்கள் முடிவு. பயிற்சி கடுமையாக இருந்தாலும் மென்மையாக இருந்தாலும் பயன் தெரிந்தது. சான்றின் தரம் இன்னும் வலுவானதன்று என்றும் அவர்களே ஒளிக்காமல் சொல்லியிருக்கின்றனர். நாமும் அதனை மறைக்க விரும்பவில்லை. ஆனால் காசு செலவில்லாத, கேடு விளைக்காத, உடம்புக்கு வேறு பல நன்மைகளையும் தரும் ஒன்றைச் செய்து பார்க்க இதைவிட வலுத்த சான்று வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

இதனையெல்லாம் ஒரு ஞாயிறு மாலை அப்பிள்ளையின் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து எடுத்துரைத்தோம். தாய் முறத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். "டீச்சரம்மா, நாள் பூராவும் ஒடம்பு நோக வேலை செய்யிற எங்களுக்கு இனிமே என்ன எக்சர்சைஸ்? அது கார்ல போறவுகளுக்குத்தானே?"

மிக நியாயமான கேள்வி. பலரும் கேட்பது. நாம் அவளிடம், "தாயி, காலையில உக்காந்தா எப்ப எந்திரிப்பே?" என்று கேட்டோம். "சோத்துக்கு" என்றாள். "பெறவு?" "வேன் வந்தாத்தான்." "எந்திரிச்ச ஒடனே நடக்க முடியுதா?" அவள் சிரித்துவிட்டாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலடி வைத்தால்தான் கால் நிமிரும் என்றாள். உழைப்பு வேறு, தேகப்பயிற்சி வேறு என்பதை இதைவிடத் தெளிவாக எந்த நூலும் சொல்லாது. பகலெல்லாம் விரல்கள் ஓடுகின்றன. இடுப்பும் தொடையும் முடங்கிக் கிடக்கின்றன. கை சோர்கிறது, ஆனால் நெஞ்சு ஒருமுறையேனும் விரைந்து துடிப்பதில்லை, மேனி வியர்ப்பது வெயிலால்தானேயன்றி அசைவால் அன்று. உடல் முழுவதும் அசையும்போதே இரத்தம் விரைந்து ஓடுகிறது. வலியை மட்டுப்படுத்தும் எண்டார்ஃபின் என்னும் பொருளை உடலே சுரந்துகொள்கிறது. பயிற்சி வலியைத் தணிப்பது இவற்றாலாக இருக்கலாம் என்பர் அறிஞர். வயல்வேலைக்கும் கிணற்றடிக்கும் நடந்து திரிந்த பாட்டி தலைமுறைக்கு இது கிட்டியது. தெருக்குழாயில் தண்ணீரும் வாசலுக்கு வேனும் வந்துவிட்ட தலைமுறைக்கு, அந்த நல்ல வசதிகளோடு, இது நழுவிவிட்டது.

"சரி டீச்சரம்மா, எங்கன வச்சுச் செய்ய?" என்றார் அதுவரை வாசற்படியில் நின்ற தகப்பனார். அதுதான் உண்மையான இடர்ப்பாடு. ஒற்றை அறை வீடு. அதில் பாதியைக் காகிதக் கட்டுகள் அடைத்துக்கொண்டிருந்தன. தெருவில் ஒரு வயதுப்பெண் கைவீசி நடந்தால் பத்துக் கண் பார்க்கும். பட்டறையில் செய்யலாமென்றால் மருந்துப் புழக்கமுள்ள இடத்தில் துள்ளலும் ஓட்டமும் ஒருக்காலும் ஆகா. ஆகவே வீட்டுக்குள்ளேயே ஒரு பாய் அளவு இடமும் ஒரு சுவரும் போதும் என்று முடிவாயிற்று. மறுவாரம் நாம் போனபோது காகிதக் கட்டுகள் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றப்பட்டு, மேற்குச் சுவர் வெறுமையாக இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. பள்ளிக்கு வரும் மகளையும் அவர் நிறுத்தவில்லை.

அவளுக்கு நாம் சொல்லிக்கொடுத்த முறை இதுதான். மாதம் முழுவதும், வாரத்துக்கு நான்கு நாள், விளக்கு வைக்கும் நேரத்துக்கு முன் முக்கால் மணி. முதலில் இருந்த இடத்திலேயே முழங்காலை உயர்த்தி நடத்தல், பிறகு கோலப்பின் குனிந்து திரும்பும் பயிற்சி, ஐந்து தடவையில் தொடங்கி வாரத்துக்கு இரண்டாகக் கூட்டி, பிறகு சுவர்ப் பயிற்சி, பூனை நிலை, எஞ்சிய நேரமெல்லாம் ஸ்கிப்பிங் அல்லது தங்கையரோடு கும்மி. இறுதியில் படுத்து மோஷர் அம்மையாரின் மூச்சு. வலி வந்த பிறகு தொடங்கலாமென்று இருந்துவிடக் கூடாது; வலியில்லாத மூன்று வாரங்களில் செய்வதே வலியுள்ள நாளில் கைகொடுக்கும். வலியுள்ள நாளில் முழுவதையும் செய்ய வேண்டியதில்லை. மெல்ல நடை, பூனை நிலை, மூச்சு ஆகியன போதும். அன்று ஓடினால் இரத்தம் மிகும், கருப்பை இறங்கிவிடும் என்றெல்லாம் சொல்வது வீண் அச்சம். உடல் இடங்கொடுத்தால் ஓடவும் செய்யலாம். இயலாவிட்டால் படுத்திருப்பதிலும் பழுதில்லை.

வீட்டு வைத்தியத்தை நாம் பழிப்போர் அல்லோம். சூடான ஒத்தடம் நல்ல மருந்து. 39 பாகை அளவில் வெப்பம் தரும் பட்டையை அடிவயிற்றில் கட்டியவர்களுக்கு ஐபுபுரூஃபென் அளவுக்கே வலி தணிந்ததாக 2001-இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மணலை வறுத்துத் துணியில் முடிந்த பாட்டிமார் அதனை முன்பே அறிந்திருந்தனர். உளுந்தங்களியும் நல்லெண்ணெயும் கருப்பட்டியும் வலியை நீக்குமா என்பது வேறு; அவை பிள்ளைக்கு உணவு, அன்போடு கிண்டித் தரும் உணவு. நம் மாநிலத்துப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர்க்கு இரத்தச்சோகை இருப்பதாக 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்லும்போது, சத்துள்ள எதனையும் குறைத்துப் பேசலாகாது. பள்ளியில் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளைகள் ஜன்னலுக்கு வெளியே எறிவதையும் தாய்மார் சற்றுக் கவனிக்க வேண்டும்.

அப்பிள்ளைக்கு முதல் மாதத்தில் ஒரு மாறுதலும் தெரியவில்லை. "சும்மா ஏமாத்துறீங்க டீச்சர்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னாள். மூன்றாம் மாதம் ஒரு நாளே விடுப்பு எடுத்தாள். ஐந்தாம் மாதம் வலியோடு வகுப்பில் இருந்தாள். மேசைமேல் கவிழ்ந்திருந்தாள் எனினும் இருந்தாள். வலி அடியோடு மறைந்ததென்று நாம் சொல்லமாட்டோம், அவளும் சொல்லவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குத் தேர்வு அவளுடைய முதல் நாளிலேயே வந்து விழுந்தது. முந்தின இரவு ஒத்தடம், காலையில் கஞ்சிக்குப் பின் மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை, தேர்வுக்கூட வாசலில் வேப்பமரத்தைச் சுற்றிக் கால்மணி நடை, உள்ளே போனாள். இன்று கோவில்பட்டியில் ஒரு கணக்கர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள்.

அதே வகுப்பில் இன்னொருத்திக்கு இம்முறை பயன்படவில்லை. ஆறு மாதம் ஒழுங்காகச் செய்தும் வலி கூடிக்கொண்டே போயிற்று. விலக்கு இல்லாத நாளிலும் வலித்தது. மலம் கழிக்கும்போதும் வலி என்றாள். தாயிடம் சொல்லி மதுரைக்கு அனுப்பினோம். அங்குப் பெண் மருத்துவர் ஒருவர் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக் கருப்பையின் உட்படலத்தைப் போன்ற திசு சூலகத்தில் வளர்ந்து கட்டியாகியிருப்பதைக் கண்டார். எண்டோமெட்ரியோசிஸ் என்று அதற்குப் பெயர். தேகப்பயிற்சி அதற்கு மருந்தாகாது. இவ்வேறுபாட்டைப் பெற்றோர் அறிந்திருத்தல் மிக அவசியம். பருவமடைந்த ஓரிரண்டு ஆண்டுக்குள் தொடங்கி, உதிரப்போக்கோடு சேர்ந்து வந்து, இரண்டு மூன்று நாளில் தானே அடங்கும் வலி பெரும்பாலும் இயல்பான வகை. முதல் விலக்கிலேயே தாங்கவொண்ணாத வலி, பல ஆண்டு வலியின்றி இருந்து புதிதாகத் தொடங்கும் வலி, மாதத்துக்கு மாதம் கூடும் வலி, விலக்கற்ற நாளிலும் வரும் வலி, மணிக்கு ஒரு துணி நனையும் அளவு போக்கு, மயக்கம், காய்ச்சல் - இவற்றில் எது கண்டாலும் மருத்துவரிடம் செல்வதைத் தள்ளிப்போடாதீர்கள். மணமாகாத பெண்ணை மகப்பேறு மருத்துவரிடம் கூட்டிச் சென்றால் ஊர் என்ன சொல்லும் என்று அஞ்சி ஆண்டுக்கணக்கில் காலங்கடத்திய குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. வயிற்றின்மேல் வைத்து எடுக்கும் ஸ்கேனே பெரும்பாலும் போதும். அதனால் பெண்ணுக்கு எக்குறையும் நேராது.

மருத்துவரிடம் போனால் அவர் முதலில் கேட்பது, எத்தனை நாளுக்கு ஒருமுறை, எத்தனை நாள் வலி, எப்போது தொடங்கியது என்பவையே. பெரும்பாலான பிள்ளைகள் அப்போது தாயின் முகத்தைப் பார்க்கின்றனர். தாய் தரையைப் பார்க்கிறாள். நாடெங்கும் சுவரில் தொங்கும் நாட்காட்டிகளில் பெரும்பகுதி நம் சிவகாசியில்தான் அச்சாகிறது. அவற்றுள் ஒன்றை உங்கள் மகளுக்கென்று தனியாகக் கொடுங்கள். உதிரப்போக்குக் கண்ட நாளுக்கு ஒரு வட்டம். வலித்த நாளுக்கு ஒரு கோடு, மிக வலித்தால் இரண்டு. பயிற்சி செய்த நாளுக்கு ஒரு புள்ளி. ஆறு மாதத் தாள்களைக் கிழித்தெறியாமல் சேர்த்து வைத்து, தேவை நேரும்போது மருத்துவரிடம் அப்படியே எடுத்துச் செல்லுங்கள்.